வழியனுப்ப வந்தவர்

உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார் ஆர்சேசியோ.

மகள் யுலீஸா பெட்டியைத் தரையில் வைத்தாள். "அப்போ நானும் போகல. வாங்கப்பா, எல்லாரும் ஊருக்கே திரும்பிடலாம்."

கொலம்பியத் தலைநகர் பொகோத்தாவின் ஜனவரித் தூறலில் அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. இராணுவப் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள். அவர்களைக் கொண்டுவந்து விட வந்த குடும்பங்கள்.

"அண்ணே, எனக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாவது வா. நான்தான் அகலமா இருக்கேனே," என்றாள் அவருடைய தங்கை நூபியா. யுலீஸாவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள்தான். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "கூச்சம். சீருடையைப் பார்த்தாலே மனுஷனுக்கு வேர்த்துடும்," என்று சமாதானம் சொன்னாள்.

ஆர்சேசியோ தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

மைதானத்தின் படிக்கட்டில் நின்று சார்ஜென்ட் உர்ரேகோ பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை.

"அம்மாமாரே, நல்லா அழுங்க. இங்க அழுகைக்கு வரி கிடையாது. அப்பாமாரே, நீங்க கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கங்க. மழையில எப்படித் தூசி பறக்கும்னு நாங்க கேக்க மாட்டோம்."

கூட்டம் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை போன் வரும். வீட்டுக்கு வந்துடறேன்னு அழுவாங்க. வான்னு சொல்லாதீங்க. வராதேன்னும் சொல்லாதீங்க. என்ன சாப்பிட்டேன்னு கேளுங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் அது தாங்கும்."

ஆர்சேசியோவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய் அதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். என்ன சாப்பிட்டே. என்ன சாப்பிட்டே.

தின்பண்டம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சார்ஜென்ட் சொன்னதும், நூபியா தான் கொண்டுவந்த கொய்யாப் பாகுக்கட்டியைப் பிட்டுப் பிட்டு யுலீஸாவின் வாயில் திணித்தாள்.

"அத்தை, மூச்சு முட்டுது!"

"முட்டட்டும். முழுங்கு."

ஆர்சேசியோ மகளின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

விசில் ஒலித்தது. பிள்ளைகள் பெட்டிகளோடு ஓடி வரிசையில் நின்றார்கள்.

"நேரா நில்!"

புதியவர்கள் தடுமாறினார்கள். ஒருவன் பெட்டி மற்றவன் காலில் விழுந்தது. குடும்பங்கள் சிரித்தன.

குடும்பங்களின் பக்கத்தில் ஒரே ஒரு ஜோடிக் குதிகால்கள் சட்டென்று ஒட்டிக்கொண்டன. நெஞ்சு நிமிர்ந்தது. கைகள் தொடையோடு இறுகின. தான் என்ன செய்கிறோம் என்பது ஆர்சேசியோவுக்கே பிறகுதான் தெரிந்தது.

சார்ஜென்ட் பார்த்துவிட்டார்.

படியிறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய ஒரு பூட்ஸின் சத்தம் வேறாகக் கேட்டது. உள்ளே இருந்தது கால் அல்ல.

"பயிற்சி எடுத்த உடம்பு. எங்க இருந்தீங்க ஐயா?"

"மலையில."

பொய் இல்லை. நூபியா அண்ணனின் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"அந்த மலையில நானும் இருந்தேன்," என்றார் சார்ஜென்ட். "நாங்க கீழ. நீங்க மேல."

ஆர்சேசியோவிடமிருந்து எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்க ஐயா. கைக்குழந்தையா இருந்தப்பவே இந்தத் தங்கச்சிகிட்ட போட்டுட்டுக் கெரில்லாக்களோட போனவன் நான். சமாதானம் ஆகி, துப்பாக்கியை ஒப்படைச்சுட்டு வந்துதான் அவ மூஞ்சியையே பார்த்தேன். வாசல்லயே நின்னுடறேன்னு சொன்னேன், கேக்கல. அவளைத் திருப்பி அனுப்பிடாதீங்க."

"யார் அனுப்பறது?"

சார்ஜென்ட் குரலைத் தாழ்த்தினார். இவ்வளவு மெதுவாக அவரால் பேச முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"நேர்காணல் அறையில நானும் இருந்தேன். அப்பா என்ன பண்றார்னு கர்னல் கேட்டார். 'முன்னாடி உங்களைச் சுட்டுக்கிட்டிருந்தார், இப்போ மீன் வளர்க்கிறார்'னு சொன்னா உங்க பொண்ணு."

நூபியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் என் காலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கர்னல்தான் கேட்டார், என்ன மீன்னு."

ஆர்சேசியோ இன்னும் விறைப்பாகவே நின்றார். தூறல் தொப்பி விளிம்பில் சேர்ந்து மூக்கின் மேல் சொட்டியது. துடைக்கவில்லை.

"இயல்பா நில்லுங்க ஐயா," என்றார் சார்ஜென்ட். "இங்க நீங்க வழியனுப்ப வந்தவர். அவ்வளவுதான். கையை அசைங்க. எல்லாரும் அசைக்கிறாங்க இல்ல?"

விரல்கள் தொடையிலிருந்து பிரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கை தோள்வரை வந்து நின்றது. பிறகு இன்னும் மேலே போனது.

வரிசையில் இருப்பவர்கள் முன்னால் மட்டுமே பார்க்க வேண்டும். யுலீஸா திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் பாகு ஒட்டியிருக்க, அப்பாவின் கையையே பார்த்தாள்.

"நேராப் பாரு!" என்று மைதானம் அதிரக் கத்தினார் சார்ஜென்ட் உர்ரேகோ.

அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கத்தினார்.