கேட்ட விலை

இன்று ஒரு காராவது விற்றால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் போனிலேயே எலக்ட்ரிக் கார் வாங்கும் காலத்தில், ஷோரூமுக்குள் நுழைந்த பெரியவர் சேல்ஸ்மேனுக்குத் தெய்வமாகவே தெரிந்தார்.

"விலையைக் குறைங்க தம்பி."

குறைத்தான்.

"சீட் கவர் சும்மா தரணும்."

"தந்தாச்சு சார்."

"இன்னும் குறைச்சாத்தான் ஆச்சு. இல்லைன்னா பக்கத்து ஷோரூம் இருக்கு."

பெரியவர் வாசல் வரை போய்விட்டார். சேல்ஸ்மேன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"சரி சார், நீங்க கேட்ட விலைக்கே தரேன். வண்டியை எப்ப எடுத்துக்கறீங்க?"

பெரியவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"வண்டியா? நேத்தே போன்ல எலக்ட்ரிக் காரு வாங்கிட்டேனே. அங்க பேரம் பேச ஒரு மனுஷன் இல்ல தம்பி, சொன்ன விலைக்கே வாங்கிட்டு ராத்திரி பூரா தூக்கம் வரல. இப்பதான் மனசு ஆறுச்சு."