அப்புறம் பாத்துக்கறேன்

வீட்டுக் கணினியில் அரைகுறையாகக் கிடக்கும் வேலைகளை முடித்துவைக்கும் இயந்திரத்தை என் மனைவி மேகலா காலையிலேயே ஓடவிட்டிருந்தாள். மதியம் அதைச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலகத்தில் எல்லா நிரலையும் இயந்திரங்களே எழுதுகின்றன. நான் சம்மதம் மட்டும் தருகிறேன். என் கையால் எழுத மிச்சமிருந்தது, மொட்டைமாடித் தொட்டி நிரம்பும்போது மணியடிக்க வேண்டிய ஒரு சின்ன நிரல்தான். ஒன்பது வருடமாக அது சரியான நேரத்தில் அடித்ததில்லை.

"அதையும் முடிச்சிருக்குமா?"

"முடிச்சா நல்லதுதானே? தண்ணி வழிஞ்சு வழிஞ்சு சுவரே பாசி பிடிச்சுப் போச்சு."

நான் கணினியைத் திறந்தேன். நாற்பது வேலைகள் முடிந்திருந்தன. ஒன்றை மட்டும் தொடவில்லை என்று இயந்திரம் காரணத்தோடு எழுதியிருந்தது: 'தொட்டி நிரலின் முதல் வரியிலேயே, அப்புறம் பாத்துக்கறேன் என்று உரிமையாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.'

மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். "இதைப் போய் நம்பியிருக்கு பாருங்க. கல்யாணமான புதுசுல நான் நம்பின மாதிரி."

மேலே தொட்டி வழியும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை. நிம்மதியாக மூச்சுவிட்டு, மோட்டாரை நிறுத்த எழுந்தேன்.