துவாய் போடும் ஆணி

"இண்டைக்கு ரெண்டுல ஒண்டு கேட்டுட்டுத்தான் வருவேன்" என்றேன்.

"விடு மகள். பஸ்ஸில வந்த களைப்புக்குக் குளிச்சிட்டுப் படு" என்றார் உம்மா.

எப்படி விடுவது? பக்கத்து வீட்டு நஃபீஸா மாமி மேல்மாடி ஜன்னலுக்குத் தானாக ஏறி இறங்கும் திரை போட்டிருக்கிறார். வெளியே வெளிச்சம் குறைந்தால் சென்சர் கண்டுபிடித்து மூடும். விடிந்தால் திறக்கும். ஆனால் உம்மா கிணற்றடிக்குப் போனால் மட்டும் பட்டப்பகலிலும் மூடிக்கொள்கிறது!

பௌதிகம் படிக்கிறவள் நான். தேடிப் பிடித்தேன். சென்சர் அவர்கள் கூரையில் இல்லை. எங்கள் கிணற்றடி மதிலில், உம்மா குளிக்கும்போது துவட்டுகிற துவாயைப் போடும் ஆணிக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில்.

துவாயைப் போட்டேன். திரை இறங்கியது. எடுத்தேன். ஏறியது.

நேராகப் போனேன். மாமி தன் வீட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எங்கட உம்மாவைப் பாக்கக்கூடாதெண்டு மெஷினா பூட்டியிருக்கீங்க? தொண்ணூறில வடக்கால விரட்டுப்பட்டு வந்த ஆக்கள் இன்னும் அகதிதானா? நான் பிறந்ததே இந்த ஆலங்குடாவில, மாமி!"

"கெம்பஸில இதைத்தான் படிப்பிக்கிறாங்களா? மூச்சு விட்டுட்டுக் கதை புள்ள."

"கூரையில இருக்கவேண்டிய சாமான் எங்கட மதிலுக்கு ஏன் வந்துது?"

"நான்தான் மகன் ஸப்ரானைக் கொண்டு மாத்தினேன்."

"பாத்தீங்களா!"

"மெதுவா. உம்மாக்குக் கேக்கும்." மாமி களைத்த கண்களைத் துடைத்துக்கொண்டார். "மேல் ரூமை, பட்டத்தைப் பிடிச்சுக் கடல்ல சறுக்கி விளையாட வாற பொடியன்மாருக்கு வாடகைக்கு விட்டிருக்கு. போன மாசம் ரூமைக் கூட்டப் போன நேரம் ஜன்னலால பாத்தேன். உங்கட கிணத்தடி அப்பிடியே தெரியுது. உம்மா குளிச்சிக்கிட்டு நிண்டா."

மாமிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"ரூமுக்கு வெளிச்சம் வாற ஜன்னல் அது ஒண்டுதான். எந்நேரமும் மூட ஏலா. உம்மாக்கிட்டச் சொன்னா, பிறகு அந்த மனிசி நிம்மதியா ஒரு வாளி தண்ணி ஊத்துவாவா?"

திரும்பி வந்தேன். உம்மா வாளியோடு நின்றார்.

"சண்டை பிடிச்சிட்டியா? பாவம், நல்ல மனிசி. இந்த ஆணியும் அவ அடிச்சுத் தந்ததுதான். நான் கேக்கக்கூட இல்ல. 'துவாயை இதிலயே போடுங்க'ண்டு எத்தனை தரம் சொன்னா, தெரியுமா?"

துவாயை வாங்கி, அந்த ஆணியில் நன்றாக விரித்துப் போட்டேன். திரை முழுதாக இறங்கி முடியும்வரை உம்மாவைக் கதையில் பிடித்து வைத்திருந்தேன்.