தடிப் பக்கம்

மழலையர் பள்ளியின் கதவுக்கு முன்னால் நின்றவர்கள்: அக்கா, அத்தான், அவர்கள் பெற்ற மூன்றரை வயது வாண்டு, அவள் தோளில் ஏழு படப் புத்தகங்கள் கொண்ட பை, இரவு வேலை முடித்துக் கண்ணெரிய நின்ற நான்.

நான் எதற்கு என்றால், மதியம் வாண்டைக் கூட்டிப்போகப் போவது நான்தான். கூட்டிப்போகிறவனின் முகத்தை முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி.

இன்னொரு விதியும் உண்டு. முதல் நாள் கதவைத் தாண்டாமல் அடம்பிடிக்கும் பிள்ளையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அக்கா மறுநாள் வேலையில் சேர வேண்டும். வாண்டு உள்ளே போகாவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள, பகலில் வீட்டில் சும்மா கிடப்பவன் ஒருவன் இருக்கிறான். நான் தூங்குவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். கல்லூரியைப் பாதியில் விட்டவன் ராத்திரியெல்லாம் கண்விழித்தாலும், பகலில் படுத்தால் சும்மா கிடப்பதுதான்.

ஆக, அவள் உள்ளே போவதில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

தயாரிப்பு இரண்டு மாதமாக நடந்தது. பள்ளிக்கூடம் போகும் கரடி, பள்ளிக்கூடம் போகும் முயல், பள்ளிக்கூடம் போகும் யானை. ஒரு டைனோசர்கூட முதுகில் பையோடு போனது. பூண்டோடு அழிந்த இனத்துக்கே இடம் கிடைத்திருக்கிறது, நம் பிள்ளைக்கு என்ன குறை என்று அத்தான் தைரியம் சொன்னார்.

ஏழு புத்தகங்களிலும் நடுவில் ஒரே மாதிரிப் படம்தான். கதவு. கதவுக்கு வெளியே அம்மா. உள்ளே குட்டி அழுகிறது.

அக்காவுக்கு அது ஆகவில்லை. பிஞ்சு மனசில் பயத்தை விதைப்பார்களா என்று பொங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்தப் படம் வருகிற இரண்டு பக்கங்களையும் பசை தடவி ஒன்றாக ஒட்டினார்கள். ஏழு புத்தகத்திலும். அத்தான் அலுவலகத்தில்கூட இவ்வளவு கவனமாக வேலை பார்த்திருக்க மாட்டார். ஓரத்தை ஸ்கேல் வைத்துத் தேய்த்தார்.

அதன் பிறகு கதை இப்படி ஆனது. கரடிக்குட்டி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வரும். பக்கத்தைப் புரட்டினால் உள்ளே உட்கார்ந்து கட்டை அடுக்கி விளையாடும்.

"அம்மா கரடி எங்க?" என்று ஒட்டிய அன்றே கேட்டாள் வாண்டு.

"ஓரமா நிக்கிறாடா செல்லம். எடம் பத்தல, அதான் வரையல" என்றாள் அக்கா.

வாண்டு அதை நம்பினாள். ஆனால் ஒட்டிய தாளை மட்டும் விடவில்லை. மற்ற தாள்களைவிட அது கெட்டியாக இருந்ததால் தடிப் பக்கம் என்று பெயர் வைத்தாள். நான் தூங்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூலையை நகத்தால் நோண்டிக்கொண்டிருப்பாள்.

"மாமா, தடிப் பக்கத்துல என்ன இருக்கு?"

"தூக்கம் இருக்கு. போடி."

இன்று காலை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். மிஸ்ஸுக்குக் கை கொடுத்தாள். அத்தான் போனை நீட்டி வீடியோ எடுத்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், படித்தவர்கள் பிள்ளை வளர்க்கிற லட்சணத்தைப் பார்த்துக்கொள் என்று இருந்தது.

வாண்டு அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாம்மா. நீ ஓரமா நின்னுக்கோ."

அக்கா நகரவில்லை.

"பயப்படாதம்மா. நீ படத்துல வர மாட்ட."

மிஸ் குனிந்து, அக்காவின் விரல்களிலிருந்து வாண்டின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "அம்மாவுக்கெல்லாம் உள்ள எடம் இல்லடா தங்கம். அம்மா வெளியிலதான்."

நான் அலறலுக்குத் தயாரானேன். என் பகல் தூக்கம் கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

வாண்டு அழவில்லை. கதவைப் பார்த்தாள். வெளியே நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். தன் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். அது உள்ளே இருந்தது.

பிறகு என்னிடம் கேட்டாள்.

"மாமா, இதுதானா தடிப் பக்கம்?"

அக்கா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ராத்திரி முழுக்க விழித்திருந்தவனுக்குப் பொய் சட்டென்று வாயில் வராது.

"ஆமா."

"அம்மா ஓரத்துல இல்லவே இல்லையா?"

"இல்ல. எப்பவுமே வெளியிலதான். மதியம் நான் வருவேன்."

அவள் பையைத் தோளிலிருந்து கழற்றி, வாசற்படியில் அக்காவின் காலடியில் வைத்தாள்.

"இத நீங்களே படிச்சுக்கோங்க."

அதுவரை அவள் அம்மாவை நீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பி நடந்தாள். மிஸ் கை நீட்டினாள், அதையும் பிடிக்கவில்லை.

"பாத்தியா?" அத்தான் போனை இறக்காமலே என் விலாவில் இடித்தார். "ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல. புத்தகம்னா புத்தகம்தான்டா."

அக்கா குனிந்து, மேலே இருந்த கரடிப் புத்தகத்தை எடுத்து, தடிப் பக்கத்தின் மூலையை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.