ஜவாத்தின் படைக்கு ஒரு கதை

"ஒவ்வொரு அடிக்கும் கத்திக் கத்தி விளையாடுறதுக்கு இதென்ன மீன் மார்க்கெட்டா?"

சயந்தன் டைஸை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

கொழும்பு வெள்ளவத்தையில் தயாபரனின் மூன்றாம் மாடி ஃபிளாட். பௌர்ணமிப் போயா விடுமுறைப் பின்னேரம். சாப்பாட்டு மேசை முழுக்க வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோமில் வெட்டிய மலை, நீலத் துணி ஆறு, சுண்டுவிரல் உயரத்தில் பெயின்ட் அடித்த சிப்பாய்கள். டைஸ் உருட்டி, டேப் பிடித்து அளந்து, படையை நகர்த்தும் போர் விளையாட்டு. எல்லோரும் வேலைவெட்டி உள்ள பெரிய மனிதர்கள்தான். மாதத்தில் இந்த ஒருநாள் மட்டும் சின்னப் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுற்று தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் படைக்கு ஒரு ரகசிய வரலாறு எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கவேண்டும். நடுவர் தயாபரன் மட்டும்தான் வாசிப்பார். அந்த வரலாற்றுக்கு ஏற்றமாதிரி ஒரு சட்டமும் போடலாம். சுற்று முடியும்வரை எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

காலி வீதி என்னும் பெருந்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஜவாத் போட்ட சட்டம்தான் சயந்தனுக்குப் பிடிக்கவில்லை. எந்தப் படை எங்கே போகிறது, எத்தனை அங்குலம், டைஸில் என்ன விழுந்தது, அத்தனையையும் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லவேண்டுமாம்.

"ஜவாத் நானா, மலைக்குப் பின்னால சத்தமில்லாமல் குதிரையைக் கொண்டுபோவம் எண்டால், நானே ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டிக் கிடக்கு. இதால ஆருக்கு லாபம்? போன மாசமும் நீங்கள்தானே வெண்டனீங்கள்!"

"அது என்ட படைட கதை தம்பி. அப்படித்தான்" என்றார் ஜவாத்.

"அப்ப நான் உறையைத் திறக்கக் கேக்கிறன்."

அதற்கும் இடம் இருந்தது. சந்தேகப்பட்டவர் உறையைத் திறந்து எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்கலாம். உள்ளே கதை இல்லாவிட்டால் சட்டம் செல்லாது. கதை இருந்தால், கேட்டவர் தன் படையில் பத்துப் பேரை இழக்கவேண்டும்.

"இன்னும் ரெண்டு ஆட்டம்தானே தம்பி கிடக்கு, விடுங்கோவன்" என்றார் தயாபரன்.

"ஏன் அண்ணை, உள்ளுக்கு ஒண்டும் இல்லையோ?"

தயாபரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ஜவாத் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"தம்பி, என்ட ஆளுங்கள்ல பத்துப் பேர வேணும்டா எடுத்துக்கோங்க. இருபதும் எடுங்க. உறைய மட்டும் தொட வாணாம்."

கள்ளன் பிடிபட்டுவிட்டான் என்றே சயந்தன் முடிவுகட்டிவிட்டான். ஐ.டி. கம்பனியில் பிழை கண்டுபிடிப்பதே அவனுக்கு வேலை. இந்தக் கூட்டத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் என்றாலும், நியாயம் நியாயம்தானே!

நாற்காலியில் சாய்ந்திருந்த ஒஸ்வால்ட் சிரித்தார். கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்தி ஓய்வுபெற்றவர். இந்த விளையாட்டுக் கூட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

"ஜவாத், ரூல் எல்லாம் எழுதினது நான். எனக்காகக்கூட அத நான் மாத்தினதில்ல. வாசி மகன், நாங்களும் கேப்பம்."

வேறு வழியில்லை. தயாபரன் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து உறையை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகும் சற்று நேரம் அதை விடாமல் பிடித்திருந்தார்.

சயந்தன் உறையைக் கிழித்தான். தாளை விரித்தான். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"என்ன மகன், எழுத்து விளங்கல்லியா?" என்றார் ஒஸ்வால்ட்.

"விளங்குது அங்கிள்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "இந்தப் படையினர்... சுரங்கத்துக்குள்ளே பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே விளக்கு இல்லை. அதனால்... ஒருவரை ஒருவர் குரலால்தான் அறிவார்கள். ஓர் அடி வைத்தாலும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். ஒருவர் பேசாமல் நடந்தால், பக்கத்தில் இருப்பவர் தனித்துப் போய்விடுவார். யாரையும் அப்படி விடுவதில்லை என்று இவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள்."

"அடடே! ஜவாத், உனக்கு இவ்வளவு எழுத வருமா?" என்றார் ஒஸ்வால்ட்.

ஜவாத் சயந்தனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே இப்பத்தான் தெரியும் அண்ணன்."

"கதை இருக்கு. சட்டம் செல்லும்" என்றார் தயாபரன் மெல்ல. "தம்பிக்குப் பத்துப் பேர் போச்சு."

இரண்டு மாதமாகக் கண்விழித்துப் பெயின்ட் அடித்த குதிரைகள். மனது கேட்கவில்லைதான். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"மலைக்குப் பின்னால நிண்ட பத்துக் குதிரையும் வெளிய போகுது" என்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னான். பிறகு, "உங்கட முறை அங்கிள். டைஸ் உங்கட வலக்கைப் பக்கம் கிடக்கு."

ஒஸ்வால்ட் உருட்டினார்.

"ஆறு!" என்று கத்தினான் சயந்தன்.

ஒஸ்வால்ட் கைதட்டிச் சிரித்த நேரத்தில், மேசையில் கிடந்த தாளை ஜவாத் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'என் படைக்குக் கதை ஒன்றும் இல்லை. ஒஸ்வால்ட் அண்ணனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அவராகச் சொல்லும்வரை நாம் கேட்கவேண்டாம்.'