சூடம் அணைத்த கை

பொன்னுத்துரை பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தார். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். திரும்பினால், மகள் பவித்ரா கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நிற்கிறாள்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களாப்பா? பச்சப்புள்ள இருக்குற வீடு."

"அந்தக் கருமத்தை விட்டு எம்புட்டு நாளாச்சு. இது வெறும் தண்ணிதான். வேணும்னா மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

"தண்ணிய எதுக்கு ஒளிஞ்சு நின்னு ஊத்துறீங்க?" என்றாள். அதற்குள் பிள்ளை சிணுங்க, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

போனதும் நல்லதாயிற்று. கொட்டியது, ரெட்டியார்சத்திரம் பக்கம் அவருடைய கோழிப்பண்ணை இருக்கிற ஊரின் கிணற்றுத் தண்ணீர். இதே தண்ணீரைத்தான் பரிசோதனைக்குக் கொடுப்பேன் என்று அன்று காலையில் கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தார்.

ஊரில் ஒச்சப்பனின் பேரப்பிள்ளை உதடும் நகமும் நீலம் பாய்ந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்து, எமன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. பால்பவுடர் கரைத்த தண்ணீரில்தான் கோளாறு என்று டாக்டர் சொன்னார். பண்ணையில் கோழி எரு குவிந்து கிடந்து, மழைக்கு மழை கரைந்து மண்ணுக்குள் இறங்குவதை ஊரே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பொன்னுத்துரை மட்டும், நம்ம கிணற்றுத் தண்ணீருக்கு என்ன குறைச்சல் என்று சாதித்தார்.

"லேப்புக்கு நாங்க கொண்டு போனா, நாங்களே யூரியாவைக் கலக்கிட்டோம்னு சொல்லுவீக," என்றார் ஒச்சப்பன். "நீங்களே கொண்டு போங்க மொதலாளி. நல்ல தண்ணின்னு வந்துச்சுன்னா நாங்க வாயத் தொறக்கல. கெட்டதுன்னு வந்தா பண்ணைய மூடிருங்க. ஆனா சூடத்த அணைச்சிட்டுப் பாட்டிலத் தொடுங்க."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அணைத்தார். உள்ளங்கை சுட்டது. பண்ணையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. அத்தனை கோழிகளையும் வைத்துக்கொண்டு சாமிக்குப் பயந்தால் கதை நடக்குமா என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே காரை ஓட்டினார்.

காலி பாட்டிலோடு அடுக்களைக்குப் போனார். அங்கே கேன் தண்ணீர் இருந்தது. ஊரில் எது பேசினாலும், பிரசவத்துக்கு வந்த மகள் ஊர்த் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடித்துவிடக் கூடாது என்பதில் மனுஷர் கெட்டி. அதற்காகத்தான் திண்டுக்கல் டவுனில் இந்த வீட்டையே வாடகைக்குப் பிடித்தார். தாய்ப்பால் பற்றாமல் இந்த மாதம்தான் பிள்ளைக்குப் புட்டிப்பால் ஆரம்பித்திருந்தார்கள். அதற்கும் கேன் தண்ணீர்தான்.

கேனின் கழுத்தில் சின்னதாய் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. பண்ணையிலிருந்து தன் சட்டையோடு வந்திருக்கும் சனியன் என்று சுண்டிவிட்டார். பாட்டிலை நிறைத்து, மூடியை இறுக்கி, துடைத்து, லேப்பில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ரெண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் காலையில் லேப்பிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், நீங்க குடுத்த தண்ணில நைட்ரேட் ரொம்ப இருக்கு. இருக்க வேண்டியதப் போல மூணு மடங்கு. இதை யாரும் குடிக்கிறாங்களா?"

"பாட்டில் மாறியிருக்கும்மா. நல்லாப் பாருங்க."

"மாறல சார். ரெண்டாவது தடவையும் பாத்தாச்சு. கைக்குழந்தைங்களுக்கு மட்டும் குடுத்துராதீங்க. காய்ச்சினாலும் போகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும்."

பொன்னுத்துரை போனை வைத்தார். கேன் தண்ணீர் எப்படிக் கெட்டுப்போகும்? கருப்பன் விடவில்லை, பாட்டிலுக்குள்ளேயே இறங்கிவிட்டான் என்று நினைத்தார். சூடம் அணைத்த உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். பண்ணை போச்சு, அது கேன் தண்ணீர் என்று வாயைத் திறந்தால் பொய்ச் சத்தியம் பண்ணினவன் என்ற பேரும் இனி வீட்டோடு தங்கும்.

வாசலில் மினி வண்டி வந்து நின்றது. தண்ணீர் போடுகிற ரொனால்டு ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். உள்ளே பவித்ரா, "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு," என்று பிள்ளையைச் சமாதானப்படுத்திக்கொண்டே பால்புட்டியைக் குலுக்கினாள்.

ரொனால்டு கேனை இறக்கி வைத்தான். அதன் பக்கவாட்டில் ஒரு வெள்ளை இறகு, ஈரத்தில் ஒட்டியிருந்தது.

பொன்னுத்துரை இன்று பண்ணைக்கே போகவில்லை. மேலில் சட்டைகூட இல்லை.

"ஏப்பா, இந்தத் தண்ணி டவுன்ல எந்த போர்ல எடுக்குற?" என்று கேட்டார்.

"டவுன் போரு வத்தி ஒரு மாசமாச்சேண்ணே. வெளிய ஒரு தென்னந்தோப்புக் கெணத்தக் குத்தகைக்குப் பிடிச்சிருக்கேன். வத்தாத ஊத்து." பழைய கேனை எடுத்துக்கொண்டு படியிறங்கியவன், ஞாபகம் வந்து திரும்பிச் சிரித்தான்.

"ஒங்க கோழிப்பண்ணைக்கு நேர் பின்னாடிதாண்ணே."