இல்லாத தெருவில் பதினோரு வீடு

"இந்தத் தெருவே கிடையாது!"

பேராசிரியர் தட்டிய தட்டில் மேசைமேல் இருந்த டேப்லெட் ஒருமுறை எகிறி விழுந்தது. கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் எழுந்து நின்றாள். இன்றைய குற்றவாளி அவள்தான்.

புவியியல் துறையில் அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'ஸ்கேல்'. கோணல்மாணலாக எதைச் செய்தாலும் அவருக்குப் பிடிக்காது; பொய் என்றால் அறவே ஆகாது. போன வருடக் களப்பணியில் பாதிப் பேர் ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே வீடுகளை எண்ணி அவர் தலையில் மிளகாய் அரைத்திருந்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதனால் இந்த வருடம் மனிதர் வலை விரித்தார். ஆளுக்கொரு டேப்லெட், அதில் அவரவருக்கான பகுதியின் மேப். ஒவ்வொரு மேப்பிலும் தன் கையாலேயே ஒரு பொய்த் தெருவைக் கோடு இழுத்துச் சேர்த்தார். நேரில் போனவர்கள் 'அப்படி ஒரு தெரு இல்லை' என்று எழுதுவார்கள்; போகாதவர்கள் மாட்டுவார்கள்.

முப்பத்தொரு பேர் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். மாட்டியது ஒரே ஒருத்தி.

அவளுடைய மேப்பைத் திரையில் பெரிதாகப் போட்டு, அவள் எழுதியதை ராகம் போட்டுப் படித்தார். "வீடுகள் பதினொன்று. தெருவிளக்கு இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று, பிடி உடைந்தது." நிமிர்ந்தார். "பிடி உடைஞ்சதாம்! நான் புவியியல்னு நினைச்சுப் பாடம் நடத்திட்டு இருக்கேன், இங்க அம்மா கதை எழுதிட்டு இருக்காங்க!"

வகுப்பு சிரித்தது. அவள் தலை குனியவில்லை. அதுவே அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அது குடோனுக்குப் பின்னாடி கிடக்கிற காலி இடம். சாட்டிலைட் படத்துல நானே பார்த்தேன். மூட்டைங்க மேல போட்ட நீலத் தார்ப்பாய்தான் தெரியுது. நடுவுல கொஞ்சம் சந்து மாதிரி இருந்துச்சு, அதுல கோட்டைப் போட்டேன். நான் போட்ட கோட்டுல உனக்குப் பதினோரு வீடு முளைச்சிருச்சா?"

"இருக்கு சார்."

"வாயைத் திறந்தா பொய்! இந்தப் பகுதிதான் வேணும்னு கேட்டு வாங்கினியே, எதுக்கு? சுலபமா முடிச்சுடலாம்னுதானே?"

அவள் திரையில் தெரிந்த அந்தக் கோட்டையே பார்த்தாள்.

"மத்த தெருவுக்கெல்லாம் போட்டோ போட்டிருக்கே. இதுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"எடுக்க மனசு வரல சார்."

"இல்லாததை எப்படிம்மா எடுப்பே?"

மறுபடியும் சிரிப்பு. முன் பெஞ்சுக் கண்ணாடிக்காரன் மேசையில் தாளமே போட்டான்.

ஸ்கேல் இப்போது கடைசி அஸ்திரத்தை எடுத்தார். டேப்லெட்டை இயக்கிவிட்டால், அதை வைத்திருப்பவர் போகிற வழியையெல்லாம் அது நேரத்தோடு புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே வரும். மாணவர்களுக்கு அது தொல்லை, அவருக்கு அது சாட்சி.

"எல்லாரோட புள்ளியும் அவங்கவங்க பகுதி பஸ் ஸ்டாப்ல ஆரம்பிக்குது. ஒன்பது மணி, ஒன்பதரை மணி. உன்னோடது?" திரையில் விரலை வைத்தார். "காலையில ஆறு பத்து. அதுவும் நேரா அந்த இல்லாத தெருவுக்கு நடுவுல!"

"வானத்துல இருந்து குதிச்சிருப்பா சார்!" என்றான் கண்ணாடிக்காரன்.

"வானத்துல இருந்தும் இல்ல, மரத்துல இருந்தும் இல்ல. பொய் லொகேஷன் காட்டுறதுக்கு ஆப் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஏமாத்துறதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியல உனக்கு!"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முதல்வருக்கு எழுதிய கடிதம். களப்பணிக்குப் பூஜ்யம், இந்த வருடத் தேர்வு எழுதத் தடை. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைப் பார்த்ததும் அவள் முகம் முதல் முறையாக வெளிறியது. மூன்று வருடப் படிப்பு அந்தப் பேனா முனையில் நின்றது.

அவருக்கும் ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண். அவள் ஏமாற்றியதால்தான் அவருக்கு இத்தனை கோபமே.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன். உண்மையைச் சொன்னா பூஜ்யத்தோட விட்டுடறேன், தேர்வு எழுதிக்கலாம். காலையில ஆறு பத்துக்கு நீ அந்த இடத்துக்குப் போனியா, இல்லையா?"

அவள் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மூன்று வருடமாகக் கூடவே உட்கார்ந்து படித்த முகங்கள். பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போகல சார்."

"ஆ!" பேராசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கேட்டீங்களா எல்லாரும்? அவ வாயாலேயே சொல்லிட்டா! போகாத இடத்துல புள்ளி எப்படி வந்துச்சு? சொல்லு!"

"அங்க இருந்துதான் சார் கிளம்பினேன். அது எங்க வீட்டு வாசல்."